ஹீட்டர் சுடவில்லை, எஞ்சின் கொதிக்கிறது

வண்டி 2014 மாடல், 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். கோவைப் பக்கம் பல வருடம் ஓடிவிட்டு ஊட்டிக்குக் கைமாறி வந்தது. புகார் இரண்டு. கல்லாறு தாண்டி குன்னூர் ஏறும்போது டெம்பரேச்சர் முள் முக்காலுக்கு மேல் போகிறது. ஊட்டியில் காலையில் ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்பினாலும் ஜில்லென்ற காற்றுதான் வருகிறது, கண்ணாடியில் படிந்த பனிமூட்டம் விலகுவதே இல்லை. முதல் புகாரை ரேடியேட்டர் கடைக்கும் இரண்டாவதை ஏசி கடைக்கும் கொண்டுபோவதுதான் வழக்கம். இரண்டும் ஒரே தண்ணீர்ச் சுற்றில் நடக்கும் சமாச்சாரம் என்பதால் ஒன்றாகவே பார்க்கப்பட்டது. இப்போது இரண்டும் சரி.

கழற்றும் முன் அளவு. ஓபிடி சாக்கெட்டில் (எஞ்சின் கம்ப்யூட்டரின் அளவுகளைப் படிக்க உதவும் வாய்) செருகும் புளூடூத் அடாப்டர் ஒன்று (ரூ. 600), தொடாமல் சூடு அளக்கும் இன்ஃப்ராரெட் கன் ஒன்று (ரூ. 1,100). இந்தியாவில் பிஎஸ்4 (புகை மாசு விதி) பெட்ரோல் கார்களுக்கு 2013 ஏப்ரலிலிருந்து ஓபிடி-2 கட்டாயம், ஆகவே இந்த வயது வண்டிகளில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றும் திரவம்) சூட்டை நேராகப் படிக்கலாம். முள்ளை நம்ப வேண்டியதில்லை. பல வண்டிகளில் 80 முதல் 100 டிகிரி வரை அது நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். இன்ஃப்ராரெட் கன்னில் ஒரு சூட்சுமம்: கறுப்பு ரப்பர் ஹோஸில் சரியாகக் காட்டும், பளபளக்கும் அலுமினியத்தில் பொய் சொல்லும். அலுமினியத்தில் அளக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, டேப்பை அளக்க வேண்டும்.

ஊட்டிக் காலை, வெளியே 8 டிகிரி, சமதளத்தில் 40 கிலோமீட்டர் வேகம்: கூலன்ட் 58 முதல் 62 டிகிரிக்குள்ளேயே நின்றது, ஏறவே இல்லை. கீழே 36 டிகிரி வெயிலில், இரண்டாம் கியரில், ஏசி போட்டு மலையேறும்போது 108. குளிரில் சூடாக மறுக்கிற வண்டி வெயிலில் அளவுக்கு மீறிச் சூடாகிறது. இந்த ஜோடியைப் பார்த்ததும் தெர்மோஸ்டாட் மேல்தான் (சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வு) சந்தேகம் போக வேண்டும்.

ஹவுஸிங்கைத் திறந்தால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு, கழற்றி எறிஞ்சிடு" என்பது தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்புகளில் பாதிப் பேர் சொல்லும் வைத்தியம். வெளியேறும் பக்கம் ஒற்றைத் தட்டு தெர்மோஸ்டாட் இருக்கும் பழைய எஞ்சின்களில் அது ஓரளவு தப்பிக்கும். இந்த எஞ்சினில் தெர்மோஸ்டாட் பம்புக்குள் தண்ணீர் நுழையும் பக்கம் இருக்கிறது, தட்டு இரண்டு. எஞ்சின் சூடானதும் ஒரு தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும், இன்னொன்று ரேடியேட்டரைத் தொடாமல் திரும்பும் பைபாஸ் வழியை அடைக்கும். கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். எஞ்சினிலிருந்து வரும் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் பம்புக்கே திரும்பி வரும். குளிரில், இலகுவான ஓட்டத்தில், ரேடியேட்டருக்குப் போகும் மிச்சப் பங்கே எஞ்சினைக் குளிரவைக்கப் போதும். 60 டிகிரியை ஒட்டியே நின்றுவிடும். ஏற்றத்தில் அந்தப் பங்கு போதாது.

அடுத்தது பயர்வால் பக்கம், அதாவது எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் தகட்டுச் சுவர். ஹீட்டருக்குப் போகும் ஹோஸும் திரும்பி வரும் ஹோஸும் டேஷ்போர்டுக்குள் போகவே இல்லை. இரண்டையும் ஒரு இரும்புக் குழாய்த் துண்டால் இணைத்து கிளிப் போட்டிருந்தார்கள். ஹீட்டர் கோர் (டேஷ்போர்டுக்குள் இருந்து காற்றைச் சூடாக்கும் குட்டி ரேடியேட்டர்) அடைத்தபோதோ ஒழுகியபோதோ செய்த குறுக்குவழி. இதனால் ஹீட்டர் சுடாதது மட்டும் பிரச்சினை இல்லை. கோரின் மெல்லிய குழாய்கள் தண்ணீர் ஓட்டத்துக்குக் கொஞ்சம் தடை கொடுக்கும். 16 மில்லி ஹோஸ் அப்படியே வளைந்து திரும்பினால் தடை இல்லை, சூடு குறையாத தண்ணீர் இன்னும் ஒரு பைபாஸாகச் சுற்றும். சிலர் இரண்டு வாயையும் ஆணி வைத்து அடைத்தே விடுகிறார்கள். அது இன்னும் மோசம். தெர்மோஸ்டாட்டுக்கு எஞ்சின் சூட்டைக் கொண்டுவந்து காட்டுவதே சில எஞ்சின்களில் ஹீட்டர் திரும்பு வழிதான்.

முதலில் கோர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாய்த் துண்டை எடுத்துவிட்டு, பயர்வாலில் நீட்டிக்கொண்டிருக்கும் கோரின் இரண்டு வாய்களிலும் மிஞ்சிக் கிடந்த பழைய ஹோஸ் துண்டுகளை எடுப்பதுதான் இந்த வேலையிலேயே பொறுமை கேட்கும் இடம். வருடக்கணக்கில் ஒட்டிப்போன ரப்பர் அது. இடுக்கியால் பிடித்துத் திருகினால் வரும், கூடவே கோரின் அலுமினியக் குழாயும் கழுத்தில் கிழிந்து வரும். பிறகு டேஷ்போர்டு முழுவதும் இறங்க வேண்டும்: கோர் ரூ. 2,800, கழற்றி மாட்டக் கூலி ரூ. 5,000 என்று விலை கேட்டு வைத்திருந்தது. எனவே புது பிளேடால் ஹோஸ் மேல் நீளவாக்கில் ஒரு கீறல், ரப்பரின் முக்கால் ஆழம் மட்டும். முழு ஆழம் வெட்டினால் அலுமினியத்தில் கோடு விழும், புது ஹோஸ் அந்தக் கோடு வழியாகவே கசியும். கீறலில் சிறிய தட்டை ஸ்க்ரூடிரைவரை விட்டு விரித்தால் மிச்ச ரப்பர் தானே பிளந்து, தோல் உரிவதுபோல் வரும். குழாயின் வெளிப்புறத்தை 600 நம்பர் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்தால் போதும்.

ஓட்ட அளவு: காரின் கூரை உயரத்தில் ஒரு வாளி, அதிலிருந்து டியூப் கோருக்கு, மறு வாயிலிருந்து இன்னொரு டியூப் கீழே அளவு ஜாடிக்கு. 1 லிட்டர் தண்ணீர் இறங்க 1 நிமிடம் 50 வினாடி ஆனது. நல்ல கோரில் பத்து வினாடிக்குள் இறங்கிவிடும். ஒழுக்கு இல்லை, அடைப்புதான். உள்ளே கோரின் கீழ் கார்ப்பெட்டும் காய்ந்தே இருந்தது. ஒழுகும் கோர் என்றால் பயணி கால் பக்கம் பிசுபிசுப்பும், உள்கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலமும், கூலன்ட்டின் தித்திப்பு வாசமும் இருக்கும். அப்போது கழுவுவதில் பயன் இல்லை, கோரை மாற்றியே ஆக வேண்டும்.

தோட்டக் குழாயை அழுத்தமாகப் பிடித்து அடிப்பது பலர் செய்வது. கோர் தாங்கும் அழுத்தம் குறைவு, முனிசிபல் லைன் அழுத்தத்தில் மூட்டு பிளக்கலாம். இங்கே பயன்பட்டது ஏர் கூலருக்குள் இருக்கும் சின்ன பம்ப், ரூ. 280. அதன் அழுத்தம் ஒன்றரை மீட்டர் தண்ணீர் தூக்கும் அளவுதான், கோருக்குப் பயமில்லை. வாளியில் 2 லிட்டர் வெந்நீர், 60 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்). தண்ணீர் 45 டிகிரிக்கு மேல் வேண்டாம், பம்பின் பிளாஸ்டிக் இளகும். 230 வோல்ட் பம்ப் என்பதால் இஎல்சிபி (மின்கசிவு ஏற்பட்டால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கும் லைனில்தான் செருக வேண்டும், ஓடும்போது வாளிக்குள் கைவிடக் கூடாது.

முதலில் வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் சுற்றவிட்டால் அடைத்த இடத்திலிருந்து அழுக்கு வந்த வழியே திரும்பும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டியூப்களை மாற்றி மாட்டித் திசையைத் திருப்ப வேண்டும். வாளியில் முதலில் செங்கல் நிறத்தில் துருக்குழம்பு வந்தது, அப்புறம் நுரை. நுரை போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்புப் படிவு கரைவதன் அடையாளம்; நுரை நிற்கும் வரை விடலாம், நின்ற பிறகு அமிலத்தை உள்ளே வைத்திருப்பது அலுமினியத்தைத் தின்னவிடுவதுதான். கரைசலை மாற்றி இரண்டாம் முறை, பிறகு 2 லிட்டரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா, பிறகு தெளியும் வரை நல்ல தண்ணீர், கடைசியாக டிஸ்டில்டு வாட்டர். கழிவறை கழுவும் ஆசிட் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. அது படிவோடு சேர்த்து கோரையும் கரைக்கும்.

மறுபடி அளந்தால் 1 லிட்டர் 9 வினாடி.

எஞ்சின் பிளாக்கையும் ரேடியேட்டரையும் நல்ல தண்ணீரால் மட்டும் அலசியது போதுமானதாக இருந்தது. இந்த அலசல் எல்லாம் முடிந்த பிறகுதான் புது தெர்மோஸ்டாட்டை வைக்க வேண்டும். முன்னாலேயே வைத்தால் கிளம்பி வரும் செதில் தட்டின் ஓரத்தில் சிக்கி அதைத் திறந்த நிலையில் நிறுத்திவிடும்.

புது தெர்மோஸ்டாட்டில் 82 என்று பொறித்திருக்கிறது. 82 டிகிரியில் திறக்கத் தொடங்கி, 95 வாக்கில் 8 மில்லிமீட்டர் திறக்க வேண்டும். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சோதிப்பது எல்லோருக்கும் தெரிந்த முறை. ஊட்டியில் அது பாதியில் நிற்கும். 2,240 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத் தண்ணீர் 93 டிகிரிக்குள் கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது, தெர்மோஸ்டாட் முழுதாகத் திறப்பதைப் பார்க்கவே முடியாது. நல்ல பொருளைக் கெட்டது என்று திருப்பிக் கொடுத்தாலும் ஆச்சரியமில்லை. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்த தண்ணீரில் வைத்தால் 95ஐத் தாண்டிப் போகும், அதில் 8 மில்லி திறந்தது. அந்தப் பாத்திரத்தைச் சமையலறைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், கூலன்ட் விஷம். பொருத்தும்போது தட்டில் இருக்கும் சின்ன ஆடும் ஊசி மேல்பக்கம் வர வேண்டும். காற்று வெளியேறும் வழி அது. ஹவுஸிங்கின் 6 மில்லி போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும். அலுமினிய மரை, பலம் காட்டினால் வழுக்கிவிடும்.

ரேடியேட்டர் மூடியும் மாறியது. காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய் இருந்ததே துப்பு. குளிரும்போது ரிசர்வ் டப்பாவிலிருந்து தண்ணீரைத் திரும்ப உள்ளே விடும் சின்ன வால்வு ஒட்டிக்கொண்டிருந்தது. மூடியின் 0.9 பார் அழுத்தம் மலையில் சமவெளியைவிட முக்கியம். வெறும் தண்ணீர் கடல் மட்டத்தில் அந்த மூடியோடு 119 டிகிரியில் கொதிக்கும், ஊட்டியில் 115க்குள். மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் 93. ஏற்றத்தின் உச்சியில் வண்டியை நிறுத்தி மூடியைத் திறக்கிறவர் முகத்தில் அடிப்பதும் இந்தக் கணக்குதான்.

நிரப்புவதில்தான் பலரும் கோட்டை விடுவது. பல கார்களில் கோர் எஞ்சினைவிட உயரத்தில் இருக்கிறது, காற்று அங்கே போய்த்தான் தங்கும். மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர். அலசிய தண்ணீர் ஒன்றரை லிட்டர் பிளாக்கிலும் கோரிலும் தங்கியிருக்கும். எனவே கலந்து ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். முதலில் 2.5 லிட்டர் கலக்காத கூலன்ட், பிறகு நிறையும் வரை டிஸ்டில்டு வாட்டர். முன்சக்கரம் மேட்டில் இருக்க வண்டியை நிறுத்தி, ஹீட்டர் திருகை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்ற வேண்டும். மூடியைத் திறந்து வைத்தே எஞ்சினை ஓடவிட்டு, குமிழி நின்றபின் மூடி, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடைச் சத்தம் கேட்டால் இன்னும் காற்று இருக்கிறது. ஹீட்டர் காற்று நிமிடத்துக்கு நிமிடம் சூடும் குளிருமாக மாறினாலும் அதே அர்த்தம். காற்று போனதை எந்த மீட்டரும் சொல்லாது, ஹீட்டர் துவாரத்தில் கை வைத்தால் தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் ஏசி போட்டு மலையேறினால் 103 வரை போனது. மிச்சக் காரணம் முன்பக்கம். ரேடியேட்டருக்கு முன்னால் ஏசி கண்டன்சர் நிற்கிறது. உள்ளே இருந்து உறிஞ்சிய சூட்டை அது கக்கிய காற்றுதான் ரேடியேட்டரைத் தொடுகிறது. அந்த இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியில் பூச்சி, புழுதி, இலைத்தூள் எல்லாம் சேர்ந்து கம்பளிபோல் படிந்திருந்தது. முன்னால் நின்று பார்த்தால் கண்டன்சர் சுத்தமாகவே தெரியும். ரேடியேட்டரின் மேல் போல்ட்டுகளைக் கழற்றிப் பின்னால் சாய்த்தால்தான் விஷயம் புலப்படும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, குறைந்த அழுத்தத் தண்ணீரால் கழுவப்பட்டது. வாட்டர் சர்வீஸ் கன்னை அருகில் பிடித்தால் துடுப்புகள் மடிந்து காற்று வழியே அடைந்துவிடும். ஓரங்களில் இருந்திருக்க வேண்டிய நுரை ரப்பரும் இல்லை. அது இல்லாவிட்டால் வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது ஃபேன் தள்ளிய சூடான காற்று ஓரமாகச் சுற்றி மறுபடி முன்னால் வந்துவிடும். 20 மில்லி நுரை டேப் ஒட்டப்பட்டது, ரூ. 150.

இனி பானெட்டின் பின்விளிம்பு. யாரோ கீல்களுக்கு அடியில் வாஷர் வைத்து, பின்விளிம்பை அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகத் தூக்கியிருந்தார்கள். சூடு வெளியேற என்று இதைச் செய்வது பரவலாக இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும்போது உண்மையில் வெளியேறும். ஓடும்போது நடப்பது வேறு. முன்கண்ணாடியின் அடிவாரத்தில் காற்று முட்டி அழுத்தம் கூடுகிறது. அதனால்தான் காரின் உள்காற்று எடுக்கும் வாயை அங்கே வைக்கிறார்கள், புளோயரே இல்லாமல் தானாக உள்ளே தள்ளும். அந்த இடத்தில் பானெட்டைத் தூக்கினால் காற்று எஞ்சின் அறைக்குள் இறங்குகிறது, ரேடியேட்டர் வழியே வர வேண்டிய காற்றை எதிர்த்து நிற்கிறது. பின்விளிம்பில் வரிசையாக ஐந்து அங்குலக் கம்பளி நூல்களை டேப்பால் ஒட்டி, வேறொருவர் ஓட்ட, பக்கத்தில் இருந்து பார்த்தால் போதும்: 20 கிலோமீட்டரில் நூல்கள் மேலே ஆடின, 60இல் எல்லாமே இடைவெளிக்குள் நுழைந்தன.

வேகம் குறையும்போது எஞ்சின் அறையின் சூடும் வாசமும் அதே இடைவெளி வழியாக உள்காற்று வாய்க்குப் போகும். எக்ஸாஸ்ட் மானிஃபோல்டில் கசிவு இருந்தால் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து போகும், அதற்கு வாசமே கிடையாது. வாஷர்கள் கழற்றப்பட்டன. பானெட்டும் கௌலும் (முன்கண்ணாடிக்கு அடியில் இருக்கும் பள்ளம்) சேரும் இடத்தில் இல்லாமல் போயிருந்த ரப்பர் பட்டை புதிதாகப் போடப்பட்டது, ரூ. 450. "ஏசி சரியாகக் குளிர்வதில்லை" என்ற பழைய குறையில் பாதி இந்தப் பட்டையிலேயே தீர்ந்தது.

கௌல் மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு பிடி யூகலிப்டஸ் இலை, இரண்டு வடிகால் ஓட்டைகளும் அடைப்பு. மழையில் அங்கே தேங்கும் தண்ணீர் புளோயர் வழியாக உள்ளே வரும், ஹீட்டர் கோர் ஒழுகுகிறது என்று தவறாகப் பழி விழும். தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: மழைத்தண்ணீர் வழுக்காது, கூலன்ட் வழுக்கும். கேபின் ஃபில்டரும் களிமண் நிறத்தில் இருந்தது, மாற்றியாயிற்று.

முடிவில் அளவுகள். ஊட்டிக் காலை, வெளியே 9 டிகிரி: கூலன்ட் 86 முதல் 90, நடுத் துவாரத்தில் காற்று 54 டிகிரி. பயர்வாலில் உள்ளே போகும் ஹோஸ் 82, திரும்பும் ஹோஸ் 71. இந்த வித்தியாசம் பத்து டிகிரியை ஒட்டி இருந்தால் கோர் நலம். நாற்பது என்றால் அடைப்பு. இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் தண்ணீர் குறைவு அல்லது தெர்மோஸ்டாட் திறந்தே நிற்கிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை ஏசி இல்லாமல் உச்சம் 96, ஏசியோடு 99. ஏற்றத்தின் நடுவே ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டிலும் புளோயரை நான்கிலும் வைத்தபோது சில நிமிடத்தில் 4 டிகிரி இறங்கியது. கோர் உண்மையிலேயே இரண்டாவது ரேடியேட்டராக வேலை செய்கிறது. வெயிலில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தண்டனைதான், கண்ணாடிகளை இறக்கிவிடலாம்.

முள் ஏறும்போது இப்படி ஹீட்டரைத் திறந்தால் சூடான காற்று வர வேண்டும். முள் மேலே நிற்க, துவாரத்தில் குளிர்ந்த காற்று வந்தால் கோருக்குத் தண்ணீர் வரவில்லை என்று பொருள். ஹோஸ் வெடித்திருக்கலாம், பம்ப் நின்றிருக்கலாம். அடுத்த வளைவு வரை ஓட்டலாம் என்று பார்க்காமல் அந்த இடத்திலேயே எஞ்சினை அணைக்க வேண்டும். தண்ணீர் முழுவதும் போய்விட்டால் சென்சார் வெற்றுக் காற்றில் நின்று முள்ளே இறங்கிக் காட்டும், அதை நம்பி ஓட்டினால் கேஸ்கெட்டோடு ஹெட்டும் வளையும்.

செலவு: தெர்மோஸ்டாட்டும் ஓ-ரிங்கும் 780, மூடி 320, ஹீட்டர் ஹோஸ் 360, கிளிப் ஆறு 270, கூலன்ட் 3 லிட்டர் 1,050, டிஸ்டில்டு வாட்டர் 200, எலுமிச்சை உப்பும் சோடாவும் 110, பம்ப் 280, பானெட் ரப்பர் 450, நுரை டேப் 150, கேபின் ஃபில்டர் 350. மொத்தம் ரூ. 4,320, மேலே சொன்ன இரண்டு கருவிகள் தனி.

அடுத்த முறை மாற்ற வேண்டியது கிளிப். திருகு கிளிப்புகளை எஞ்சின் சூடாகி ஆறிய பிறகு மறுபடி இறுக்க வேண்டியிருந்தது. ரப்பர் அமுங்கி மெல்லியதாகிக் குளிரில் துளி கசிந்தது. கம்பெனி போடும் ஸ்பிரிங் கிளிப் தானே இறுக்கத்தைச் சரிசெய்துகொள்ளும், விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. ரேடியேட்டரைச் சாய்த்துப் பார்ப்பதையும் முதல் வேலையாக வைத்துக்கொள்ளலாம், செலவில்லாத வேலை. கசிவுக்குப் பயணி பக்கக் கார்ப்பெட்டுக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வைத்திருக்கிறது, இதுவரை காய்ந்தே இருக்கிறது. கால் பக்கத் துவாரத்தின் கதவு மட்டும் இன்னும் முழுதாக மூடவில்லை, அதன் கேபிள் கிளிப் உடைந்திருக்கிறது. க்ளவ் பாக்ஸைக் கழற்றினால் கை எட்டும்.